அயர்லாந்தை பஸ் டூரில் பார்க்க: எங்கிருந்து ஏறுவது, எந்தப் பக்கம் உட்காருவது

நீங்கள் கேட்டது இது: ஜூனில் அப்பா, அம்மா மூன்று வாரத்துக்கு டப்ளின் வருகிறார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல், சைவம். வீட்டில் கார் இல்லை. டப்ளினில் காலையில் ஏறி அன்றைக்கே திரும்பும் பஸ் டூர்களில் மோஹர் செங்குத்துப் பாறைகள், ரிங் ஆஃப் கெரி, ஜயண்ட்ஸ் காஸ்வே மூன்றையும் மூன்று நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். மூன்றுக்கும் டப்ளினிலிருந்து டிக்கெட் விற்கிறார்கள். ஆனால் பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். ரயிலில் மேற்குக் கரை நகரமான கால்வேக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள், அங்கிருந்து பஸ் டூர் எடுங்கள். ஒரு நாள் மோஹருக்கு, ஒரு நாள் கால்வேக்கு மேற்கே மலையும் ஏரியுமாக இருக்கும் கானமாராவுக்கு. கெரியை இந்தத் தடவை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. காஸ்வே விஷயத்தில் முதலில் விசாவைப் பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தூரக் கணக்கு. டப்ளினிலிருந்து மோஹர் சுமார் 270 கிலோமீட்டர், போக வர 540. காலை ஏழு மணிவாக்கில் ஏறினால் திரும்பி இறங்க மாலை ஏழு, எட்டு ஆகிவிடும். அதில் பாதிக்கு மேல் மோட்டார்வே. காருக்கு அங்கே 120 கிலோமீட்டர் வேகம், கோச்சுக்கு, அதாவது பெரிய டூர் பஸ்ஸுக்கு, 100தான். போதாக்குறைக்கு டிரைவருக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வேறு இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டியது, நின்றது எல்லாம் வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவியில் பதிவாகும். "2.10க்கு பஸ் கிளம்பிவிடும்" என்று டிரைவர் சொன்னால் அது வெறும் மிரட்டல் இல்லை, அவருக்கு வேறு வழியே கிடையாது. ஆக, பன்னிரண்டு மணி நேர டூரில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். மிச்சப் பொழுது சாலையில் போகிறது.

அந்தச் சாலையிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. லிமெரிக் வழியாகப் போகிற பஸ்கள் பல, எம்7 சாலையில் மனிகால் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 'பராக் ஒபாமா பிளாசா'வில் நிற்கும். பெட்ரோல் பங்க், காபிக் கடை, கழிப்பறை. ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஃபல்மத் கியர்னி என்பவர் மனிகாலிலிருந்து 1850இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். 2011 மே மாதம் ஒபாமா இந்த ஊருக்கு வந்து போனார், 2014இல் பிளாசா திறந்தது. ஒரு நாட்டு ஜனாதிபதியின் பெயரில் நெடுஞ்சாலைக் கழிப்பறை இருப்பது வேடிக்கைதான், ஆனால் அதைப் பார்க்கவா உங்கள் அப்பா இவ்வளவு தூரம் விமானம் ஏறி வருகிறார்?

கால்வேக்கு ரயில் ஹியூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது, சுமார் இரண்டரை மணி நேரம். நடுவில் அத்லோனில் ஷானன் நதியைத் தாண்டும். கால்களை நீட்டி உட்காரலாம், கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம். கால்வே ஸ்டேஷன் ஊருக்கு நடுவே ஐர் சதுக்கத்தை ஒட்டியே இருப்பதால் இறங்கினதும் டாக்ஸி தேட வேண்டியதில்லை. டூர் பஸ்கள் ஏறும் இடமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். காலை பத்து மணி சுமாருக்கு ஏறினால் மாலை ஆறுக்குள் இறங்கிவிடலாம். ஜூனில் இங்கே சூரியன் மறையவே இரவு பத்தாகும். திரும்பி வந்த பிறகும் கடலோரம் நடக்க வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

"யாராவது நண்பர் காரில் கூட்டிப்போனால் இன்னும் நல்லதில்லையா?" என்று அடுத்து கேட்பீர்கள். இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. அயர்லாந்தின் கிராமப்புறத்தைப் பார்க்க காரை விட பெரிய பஸ்தான் மேல். கிராமச் சாலைகளின் இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிச் செடியோ கல் சுவரோ நிற்கும். காரில் உட்கார்ந்தவர்களுக்கு மைல் கணக்கில் இலையும் கல்லும்தான் தெரியும். கோச்சின் ஜன்னல் அந்தச் சுவருக்கு மேலே இருக்கிறது. வயல், இடிந்த கோட்டை, குளம், மாடு எல்லாம் பஸ்ஸில் இருப்பவருக்குத்தான் தெரியும். காரை ஓட்டுகிறவர் நிலைமை இன்னும் மோசம். எதிரே டிராக்டர் வந்தால் யார் பின்னால் போவது என்ற கவலையிலேயே அவருக்கு நாள் முடிந்துவிடும். 2025 பிப்ரவரியிலிருந்து இந்தச் சின்னச் சாலைகளின் வேக வரம்பை 80இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். குறுகலான பல வளைவுகளில் அந்த அறுபதே அதிகம்.

சரி, மோஹர் நாள். கால்வே வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு கின்வாரா வழியாக பஸ் தெற்கே போகும். தண்ணீர் ஓரத்தில் டங்வாயர் கோட்டை, 16ஆம் நூற்றாண்டுக் கோபுர வீடு. ஐந்து நிமிடம் நிறுத்தி படம் எடுக்க விடுவார்கள். அதைத் தாண்டினதும் நிலம் மாறும். பச்சை வடிந்து, மலை முழுக்கச் சாம்பல் நிறக் கல்லாகிவிடும். இதுதான் பர்ரன். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல். பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போக, மழைநீர் கல்லை அரித்து நீளமான வெடிப்புகளை உண்டாக்கியிருக்கிறது.

அயர்லாந்தின் மேல் படையெடுத்து வந்த ஆங்கிலேயர் கிராம்வெல்லின் தளபதிகளில் ஒருவரான லட்லோ 1651இல் இங்கே வந்து, ஆளை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று எழுதியதை டிரைவர் தவறாமல் சொல்வார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அதற்கு அடுத்து லட்லோ எழுதியதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: ஆனாலும் இங்கே மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, பாறைகளுக்கு நடுவே வளரும் புல் அவ்வளவு சத்தானது என்று அதே இடத்தில் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மற்ற நாடுகளில் கோடையில்தான் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள். பர்ரன் விவசாயிகள் குளிர்காலத்தில் ஓட்டுவார்கள். சுண்ணாம்புக்கல் வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்காது, அதனால் மலைமேல் தரை காய்ந்தே இருக்கும். குளிர்காலம் முழுக்க மாடுகள் முரட்டுப் புல்லை மேய்ந்துவிடுவதால் வசந்தத்தில் சின்னப் பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஆர்க்டிக் பகுதிச் செடியும் மத்தியதரைக் கடல் பகுதிச் செடியும் ஒரே வெடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் பூப்பது உலகத்திலேயே அபூர்வம். அடர்நீல ஜென்ஷியன் பூ மே மாதம் உச்சத்தில் இருக்கும், ஜூன் தொடக்கத்தில் போனால் கொஞ்சம் கண்ணில் படலாம். அம்மாவுக்குச் செடி கொடியில் ஆர்வம் இருந்தால் பஸ் நிற்கிற இடத்தில் கடலைப் பார்க்கிற நேரத்தில் பாதியைக் காலடிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். பறிக்க மட்டும் கூடாது.

எல்லா டூரும் நிற்காவிட்டாலும், போல்னபிரோனில் நிற்கிற டூராகப் பார்த்து எடுங்கள். நிற்கும் கற்கள்மேல் ஒரு பெரிய பலகைக் கல், அவ்வளவுதான் பார்வைக்கு. 1980களில் தோண்டிப் பார்த்தபோது முப்பதுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கல்லறை, எகிப்தின் கீசா பிரமிடுகளை விடப் பழையது. சாலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே போதும், ஏற்றம் கிடையாது.

மோஹர் பாறைகளைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியதில்லை, படத்தில் பார்த்திருப்பீர்கள். சுமார் 8 கிலோமீட்டர் நீளம், உச்சியில் 214 மீட்டர். மேலே நிற்கும் சின்னக் கோபுரத்தை கார்னிலியஸ் ஓ'பிரையன் என்ற நிலக்கிழார் 1835இல் கட்டினார். பார்வையாளர் மையம் மலைக்குள் குடைந்து கட்டியது, உள்ளே உணவகமும் கழிப்பறையும் உண்டு. டூர் டிக்கெட்டில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கோபுரம் வரை படிகளும் சீரான பாதையும் இருக்கின்றன. முட்டி வலி உள்ளவர்கள் மையத்துக்கு நேர் மேலே இருக்கும் மேடையிலேயே நின்றுவிடலாம், காட்சியில் குறை ஒன்றும் இல்லை. ஓரத்தில் தடுப்பாக நிறுத்தியிருக்கும் கற்பலகைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். புழு ஊர்ந்த மாதிரி நெளிநெளியாகக் கோடுகள் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றில் ஏதோ பிராணிகள் ஊர்ந்துபோன தடம் அது. எல்லோரும் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். தடுப்பைத் தாண்டிப் போகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள். ஓரத்தில் அடிமண் இல்லாத இடங்கள் உண்டு, விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜூனில் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகள் அங்கே முட்டையிட வரும். பாறைகளுக்குக் கீழே புல் மூடிய ஒரு திட்டில் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். மூடுபனி வந்துவிட்டால் பறவையும் இல்லை, பாறையும் இல்லை, வெள்ளைத் திரைதான். அப்போது உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு மறுபடி வாருங்கள். பத்து நிமிடத்தில் விலகினாலும் விலகும்.

இனி உட்காரும் பக்கம். டூர் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மோஹரிலிருந்து திரும்பும்போது டூலின், ஃபனோர், பிளாக் ஹெட் வழியாகக் கடலை ஒட்டி வரும் சாலைதான் அன்றைய பயணத்தில் மிக அழகான பகுதி. ஒரு பக்கம் கல் மலை, மறுபக்கம் அட்லாண்டிக், நடுவில் ஒரு பஸ் போகிற அகலம். திரும்பும்போது இந்த வழியாக வந்தால் கடல் இடது பக்கம், போகும்போதே இந்த வழியாகப் போனால் வலது பக்கம். காலையில் பிடித்த இருக்கையில்தான் நாள் முழுக்க எல்லோரும் உட்காருவார்கள். அதனால் ஏறும்போதே டிரைவரிடம் "பிளாக் ஹெட் சாலை போகும்போதா, வரும்போதா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அவரும் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

இங்கே டிரைவரேதான் பெரும்பாலும் வழிகாட்டியும். காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வளைவைத் திருப்பிக்கொண்டே கதை சொல்வார். அந்தக் கதைகளை அனுபவியுங்கள், ஆனால் எல்லாவற்றையும் நம்பாதீர்கள். அரன் தீவு ஸ்வெட்டரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் இருந்தது, கடலில் மூழ்கிய உடலை அதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள் என்று சொல்வார்கள். 1904இல் டப்ளினில் அரங்கேறிய ஒரு நாடகத்தில், மூழ்கிய மீனவனை அவன் காலுறையின் தையலை வைத்து அடையாளம் காண்பார்கள். அதிலிருந்து கிளம்பி, ஸ்வெட்டர் விற்கிறவர்கள் கையில் வளர்ந்த கதை இது. ஸ்வெட்டர் நல்ல கம்பளிதான், பிடித்தால் வாங்குங்கள். குடும்பப் பின்னலுக்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். வழியில் தெரிகிற கல் சுவர்களையெல்லாம் "பஞ்சச் சுவர்" என்று சொல்வதும் பாதிதான் சரி. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், நிவாரண வேலையாகக் கட்டிய சுவர்கள் உண்டு. ஆனால் பர்ரனில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசும், போன தலைமுறையில் கட்டியதும் கலந்தே நிற்கின்றன.

தேவதை மரக் கதை மட்டும் நிஜமாகவே நடந்தது. கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் ஒரு ஹாத்தார்ன் மரம், அதாவது முள் நிறைந்த ஒரு காட்டு மரம், புதுச் சாலையின் பாதையில் நின்றது. அது தேவதைகள் கூடுமிடம், வெட்டினால் அந்தச் சாலையில் விபத்து நடக்கும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி 1999இல் பத்திரிகைகளுக்கு எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியாகி, கடைசியில் மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள். வயல் நடுவில் உழாமல் விட்ட ஒற்றை முள் மரத்தை பஸ் ஜன்னலிலிருந்து நிறையப் பார்ப்பீர்கள். அதற்குக் காரணம் கேட்டால் விவசாயி சிரித்து மழுப்புவார், ஆனால் வெட்ட மாட்டார்.

இரண்டாவது நாள் கானமாரா. மோஹரை விட எனக்கு இதுதான் பிடிக்கும், கூட்டமும் குறைவு. கால்வேக்கு மேற்கே, ஒரு பக்கம் ஏரிகள், ஒரு பக்கம் பன்னிரண்டு பென் என்று சொல்லும் மலைக்கூட்டம், நடுவே பழுப்பு நிறச் சதுப்பு நிலம். சதுப்பில் செங்கல் அளவுக்கு வெட்டி, காய்வதற்குச் சாய்த்து வைத்திருக்கும் கருப்புக் கட்டிகள் கரி மண், அதாவது பீட். நாட்டின் நடுப்பகுதியில் இயந்திரம் வைத்து அதை வெட்டிவந்த அரசு நிறுவனமான போர்ட் நா மோனா 2021இல் அந்த வேலையை அடியோடு நிறுத்திவிட்டது. இங்கே தங்கள் வீட்டு அடுப்புக்காக வெட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

ஆடுகள் முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிக்கொண்டு சாலை நடுவே படுத்திருக்கும். வேலி இல்லாத பொது மலையில் எல்லோருடைய ஆடும் கலந்து மேய்வதால் எது யாருடையது என்று தெரிய அந்தச் சாயம்.

கில்லரி என்ற இடத்தில் கடல் ஒரு நீண்ட விரலாக மலைகளுக்கு நடுவே உள்ளே வந்திருக்கும். தண்ணீரைப் பார்த்த பிறகு எதிர்ச் சரிவைப் பாருங்கள், மாலை வெயில் சாய்வாக விழுந்தால் நன்றாகத் தெரியும். புல் மூடிய மலையில் மேலிருந்து கீழாக வரி வரியாக மேடும் பள்ளமும் இருக்கும். அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். கடற்பாசியை உரமாகப் போட்டு, புல்தரையை இருபுறமிருந்தும் மடித்து மேடாக்கி, அதில் கிழங்கு நட்டார்கள். நல்ல நிலமெல்லாம் நிலக்கிழார்களிடம் இருக்க, ஏழைகள் மலைச்சரிவு வரை ஏறி இப்படிப் பயிர் செய்தார்கள். 1845இல் கிழங்கில் பூஞ்சை போன்ற ஒரு நோய் விழுந்தது, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விழுந்தது. சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னும் ஒரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே ஆண்டுகளில் தானியமும் வெண்ணெயும் இந்த நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தன. 1841 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். வடக்கு, தெற்கு இரண்டையும் சேர்த்தாலும் இன்று வரை அந்த எண்ணிக்கை திரும்பவில்லை. வழியெல்லாம் கூரையில்லாமல் நிற்கும் கல் வீடுகளையும், அத்வானமாகக் கிடக்கும் பள்ளத்தாக்குகளையும் பார்த்து "எவ்வளவு அமைதியான இடம்" என்று பஸ்ஸில் யாராவது சொல்வார்கள். ஆள் இல்லாமல் போன கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அமைதி வேறு மாதிரித் தெரியும்.

கைல்மோரில் பஸ் இரண்டு மணி நேரம் போல நிற்கும். ஏரிக்கரையில் கோட்டை மாதிரி ஒரு மாளிகை. மான்செஸ்டர் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த மிட்செல் ஹென்றி 1860களின் கடைசியில் தன் மனைவி மார்கரெட்டுக்காகக் கட்டத் தொடங்கியது. அந்த அம்மாள் 1874இல் எகிப்துப் பயணத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். அவர் நினைவாகக் கட்டிய சின்னத் தேவாலயம் மாளிகையிலிருந்து ஏரியோரமாக நடந்தால் வரும், தட்டையான பாதை. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் மடத்தை இழந்த பெனடிக்ட் சபைக் கன்னியர்கள் 1920இல் இங்கே வந்தார்கள். அவர்கள் நடத்திய பெண்கள் பள்ளி 2010 வரை இயங்கியது.

அப்பா கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் ஒரு விஷயம். ரஞ்சி கோப்பை யார் பெயரில் நடக்கிறதோ அந்த ரஞ்சித்சிங்ஜி, நவாநகர் மகாராஜா, 1924இல் இதே கானமாராவில் பாலினஹின்ச் கோட்டையை விலைக்கு வாங்கி, 1933இல் இறக்கும் வரை கோடையில் வந்து சால்மன் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அது ஹோட்டல். டூர் பஸ் அங்கே நிற்காது, ஆனால் சொன்னால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சாப்பாடு. பஸ் நிற்கிற பப்களில் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் எங்கேயும் கிடைக்கும். சூப் கோழி ஸ்டாக்கில் செய்ததா என்று கேட்டுவிடுங்கள், அதே போல உருளைக்கிழங்கு சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயிலா என்றும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போனால் கவலையே இல்லை, ஆனால் பஸ்ஸுக்குள் மணம் வீசும் சாப்பாட்டுக்கு அனுமதி இருக்காது, வெளியே பெஞ்சில் வைத்துச் சாப்பிட வேண்டும். கழிப்பறை எல்லா பஸ்ஸிலும் கிடையாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள், நிறுத்துகிற இடத்தில் எல்லாம் போய்விட்டு வருவது நல்லது. வளைவுச் சாலையில் குமட்டல் வருபவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும், மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும். சீட் பெல்ட் கட்டாயம்.

குடை வேண்டாம். மேற்குக் கரையின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 225 நாட்கள் வரை மழை, அந்த மழையும் பக்கவாட்டில்தான் வரும். மோஹரில் குடையை விரித்தால் கையில் கம்பிதான் மிஞ்சும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு, உள்ளே ஒரு ஸ்வெட்டர், வழுக்காத ஷூ. அம்மா புடவையில்தான் வருவேன் என்றால் உள்ளே தெர்மல் பேன்ட் போடச் சொல்லுங்கள், காற்று அப்படி. இறங்கும்போது டிரைவருக்கு ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ டிப்ஸ் கொடுப்பவர்கள் உண்டு, கட்டாயம் இல்லை.

ரிங் ஆஃப் கெரி 179 கிலோமீட்டர் சுற்றுச் சாலை. அதன் தலைவாசல் கில்லார்னி, டப்ளினிலிருந்து 300 கிலோமீட்டர். போய், சுற்றி, அன்றைக்கே திரும்புவது தண்டனை. போகத்தான் வேண்டும் என்றால் ரயிலில் கில்லார்னிக்குப் போய்த் தங்குங்கள். குறுகிய இடங்களில் இரண்டு கோச் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வழியில்லை என்பதால் டூர் பஸ்கள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கில்லார்க்லின் வழியாகத்தான் போகும். அப்படிப் போனால் கடல் எப்போதும் வலது பக்கம். பக்கத்தில் இருக்கும் டிங்கிள் பகுதியின் ஸ்லீ ஹெட் சாலையில் இதற்கு நேர்மாறு, கடிகாரச் சுற்று, கடல் இடது பக்கம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் டிங்கிளுக்குப் போவேன்.

கடைசியாக ஜயண்ட்ஸ் காஸ்வே. ஆறு கோடி ஆண்டுப் பழைய எரிமலைக் குழம்பு குளிர்ந்து வெடித்து உண்டான சுமார் 40,000 பசால்ட் தூண்கள், 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அது வடக்கு அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. எல்லையில் பஸ்ஸை வழக்கமாக யாரும் நிறுத்துவதில்லை, பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதுதான் அடையாளம். அதனால் விசா வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு அயர்லாந்தின் குறுகிய கால விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால்தான் அதே விசாவில் வடக்கே போகலாம். இல்லையென்றால் தனியாக பிரிட்டன் விசா வேண்டும். இங்கே வேலை பார்க்கும் உங்களுக்கும் அதே நிலைமைதான், கையில் இருக்கும் அயர்லாந்து குடியிருப்பு அட்டை மட்டும் போதாது. சோதனை நடந்தால் டூர்க்காரர் பொறுப்பேற்க மாட்டார். டிக்கெட் எடுப்பதற்கு முன் அப்பா, அம்மாவின் விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

குறிப்பு இல்லையென்றால் அந்த நாளை டப்ளினுக்குத் தெற்கே இருக்கும் விக்லோ மலைப்பகுதிக்குக் கொடுங்கள். இது ஒன்றை மட்டும் டப்ளினிலிருந்தே தாராளமாகப் போகலாம், நகரத்தை விட்டு ஒரு மணி நேரத்தில் மலை வந்துவிடும். சாலி கேப் என்ற மலைக் கணவாய் வழியாகப் போகிற டூராக எடுத்தால், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த 1798 கிளர்ச்சிக்குப் பிறகு, மலையில் ஒளிந்திருந்தவர்களைப் பிடிக்க ஆங்கிலேயப் படை போட்ட சாலையில் போவீர்கள். கிளென்டலாக்கில் ஆறாம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி தொடங்கிய மடத்தின் இடிபாடுகளும், 30 மீட்டர் உயர வட்டக் கோபுரமும், இரண்டு ஏரிகளும் இருக்கின்றன. மேல் ஏரி வரை போகும் பாதை சமதளம், மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரம். சனி, ஞாயிறு வேண்டாம், டப்ளின் முழுக்க அங்கேதான் இருக்கும்.